ஓடிய கிலோமீட்டர் தகுதி ஆகாதா?

நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் புறப்படும் லாரி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் ஓட வேண்டும். பாரத்தோடு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால், போகும் வழிக்கு மட்டும் 600 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 55,200 ரூபாய். டோல்கேட், ஓட்டுநர் படி, வழிச் செலவு எல்லாம் தனி. வண்டி ஊர் போய்ச் சேர்வதற்குள் இந்தப் பணம் முழுக்கக் கையைவிட்டுப் போய்விடும். வாடகையில் ஒரு பகுதி அட்வான்ஸாக வரும். மீதி எப்போது வரும்? சரக்கு இறங்கி, பில்டியில் (சரக்கு ரசீதில்) கையெழுத்து வாங்கி, அந்தத் தாள் புக்கிங் ஆபீஸுக்குத் திரும்பி வந்த பிறகு. பெரிய ஆலைகளின் ஒப்பந்த லோடு என்றால், அதற்கு மேலும் ஒரு மாதம், இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூட ஆகும்.

இந்த இடைவெளியைக் கடக்க லாரிக்காரருக்குக் காலங்காலமாகக் கைகொடுத்தது உள்ளூர் பங்க் நோட்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பங்க் முதலாளிக்கு வண்டி நம்பரும் தெரியும், வண்டிக்காரரின் குடும்பமும் தெரியும். டேங்கை நிரப்பிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். ஆனால், அந்த நோட்டின் செல்வாக்கு தொப்பூர் கணவாயைத் தாண்டாது. ஹைதராபாத்திலோ நாக்பூரிலோ டீசல் போட ரொக்கம் வேண்டும். இல்லாவிட்டால் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் டீசல் கார்டு வேண்டும்.

அந்தக் கார்டில் கடன் வசதி கேட்டுப் போகும் ஒற்றை வண்டிக்காரரிடம், அவரிடம் இருக்க வாய்ப்பே இல்லாத தாள்களைக் கேட்கிறார்கள். அவரிடம் இருக்கும் சான்றை யாரும் கேட்பதில்லை. இன்னொன்றும் உண்டு: அவர் கேட்டு நிற்கும் கடன், வேறு யாரோ அவருக்குத் தர வேண்டிய பணத்துக்கு ஈடான கடன். தகுதி விதிகளை எழுதியவர்கள் இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பணம் போட்டால் கார்டு. கடன் கேட்டால் தாள்

இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் பிளஸ் ஆகிய மூன்றும் லாரித் தொழிலில் பழகிய பெயர்கள். இவற்றில் முன்பணம் செலுத்திப் பயன்படுத்தும் கார்டு பெறுவது கடினமல்ல. ஆர்.சி. புத்தகம், பான், ஆதார், முகவரிச் சான்று போதும். உரிமையாளர் ஊரில் இருந்தபடியே பணம் ஏற்றலாம். வண்டிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று வரம்பு போடலாம். எந்த ஊரில், எத்தனை லிட்டர் போட்டார்கள் என்பது செல்பேசிக்கு வந்துவிடும். ஓட்டுநர் கையில் கட்டுக் கட்டாக ரொக்கம் கொடுத்து அனுப்பும் அச்சம் குறைந்ததற்கு இந்தக் கார்டுகள் முக்கியக் காரணம். நள்ளிரவில் பங்க்கில் வண்டி நிற்க, ஓடிபி போன உரிமையாளரின் செல்பேசி தலையணைக்கு அடியில் கிடக்கும் சங்கடமும் இந்த வசதியோடு சேர்ந்தே வந்தது.

ஆனால், பணம் இருந்தால்தானே ஏற்ற முடியும்? லாரிக்காரருக்கு வேண்டியது பதினைந்து நாளோ ஒரு மாதமோ கழித்துக் கட்டும் கடன் வசதி. அங்கே எண்ணெய் நிறுவனத்துக்குப் பின்னால் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ நிற்கும். தகுதியைத் தீர்மானிப்பது அதுதான். வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், சிபில் கடன் மதிப்பெண், தொழில் செய்த ஆண்டுகள், வண்டிகளின் எண்ணிக்கை, சொந்த வீடோ அலுவலகமோ இருக்கிறதா என்ற கேள்வி எனப் பட்டியல் நீளும். ஐம்பது வண்டி ஓட்டும் நிறுவனத்தில் கணக்காளர் ஒரே நாளில் இத்தனையையும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர் முதல் இரண்டு கேள்வியிலேயே நின்றுவிடுவார். இந்தியச் சாலைகளில் ஓடும் லாரிகளின் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிறு உரிமையாளர்களுடையது என்பதால், இதை ஏதோ ஓரத்தில் கிடக்கும் சிலரின் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது.

சலுகை அழித்த தடயம்

அவரிடம் ஏன் அந்தத் தாள்கள் இல்லை? வரி ஏய்ப்பு என்று அவசரப்பட்டுச் சொல்பவர்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜிஎஸ்டி. 2017 ஜூலையில் அந்த வரி வந்தபோதே, சரக்குப் போக்குவரத்து ஏஜென்சிக்கு லாரியை வாடகைக்கு விடும் சேவைக்கு விலக்கு தரப்பட்டது. வரி, ஏஜென்சி தரும் சேவையின் மீதே வசூலாகிவிடுகிறது. வண்டி மட்டும் வைத்திருப்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவரிடம் ஜிஎஸ்டி கணக்கு எப்படி இருக்கும்?

அடுத்து, வாடகை தரும்போது பிடிக்கும் வரி. ஒப்பந்தப் பணிகளுக்கான வரிப் பிடித்தத்தைச் சொல்லும் 194சி பிரிவு, பத்து வண்டிக்கு மேல் வைத்திராத லாரி உரிமையாளர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் பிடித்தம் வேண்டாம் என்றது. பிடித்தம் இல்லை என்றால், வருமான வரித் துறையின் வரிப் பிடித்தப் படிவத்தில் அவர் பெயருக்கு நேராகப் பிடித்த வரி எதுவும் தெரியாது. கடன் கொடுக்கும் அதிகாரி பார்ப்பவற்றில் அந்தப் படிவமும் ஒன்று.

மூன்றாவது, வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு. இதுவும் பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கான ஏற்பாடு. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம்; 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு அதன் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் வந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். 28 டன் வண்டிக்கு மாதம் 28,000; ஆண்டுக்கு 3,36,000 ரூபாய். வண்டி எவ்வளவு ஓடியது, எவ்வளவு வாடகை புரண்டது என்பதற்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தம் இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. எனவே, வேறு வருமானம் இல்லாத ஒற்றை வண்டிக்காரர் பலருக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கட்டாயமே வராது. தாக்கல் செய்தாலும் அதில் தெரிவது அந்த 3,36,000 மட்டும்தான். ஒரே மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் டீசல் போடுபவர் அவர் என்று அந்தத் தாள் சொல்லாது.

இந்த மூன்றும் நல்ல நோக்கத்தில் தரப்பட்ட சலுகைகள். ஓட்டுநராக இருந்து உரிமையாளரான ஒருவரைக் கணக்கு எழுதும் தொல்லையில் இருந்து காப்பாற்றியவை. மூன்றும் சேர்ந்து அவரைத் தாளில் இல்லாதவர் ஆக்கிவிட்டன என்பதுதான் சோகம். ஒருபக்கம் அரசு ‘கணக்கு வேண்டாம்’ என்கிறது. மறுபக்கம், அரசுக்குச் சொந்தமான எண்ணெய் நிறுவனத்தின் கார்டு ‘கணக்கைக் கொண்டுவா’ என்கிறது.

போதாக்குறைக்கு சிபில். 300-இல் தொடங்கி 900 வரை போகும் அந்த மதிப்பெண்ணில், வண்டி டியூ ஒன்று தள்ளிப்போனாலும் கீறல் விழும். லாரித் தொழிலில் டியூ தள்ளிப்போவது பெரும்பாலும் வாடகை பாக்கி தள்ளிப்போவதால்தான். தராதவர்மீது விழ வேண்டிய கீறல் பெறாதவர்மீது விழுகிறது. இதுவரை கடனே வாங்காத ஒருவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளை அலுவலகத்தின் கணினித் திரையில் அந்த அறிவுரைக்கு ஒரு கட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

தடயம் இருக்கிறது, படிப்பார் இல்லை

லாரிக்காரர் தாளில் இல்லாவிட்டாலும் கணினியில் இருக்கிறார். கடந்த சில ஆண்டுகளில் அரசே கட்டியெழுப்பிய அமைப்புகள் அவரை ஒவ்வொரு நாளும் பதிவு செய்துகொண்டிருக்கின்றன. 2018 ஏப்ரலில் இருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். அதில் வண்டி எண் இருக்கும். 2021 பிப்ரவரியில் இருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். எந்த டோல்கேட்டை எந்த மணிக்குக் கடந்தது என்பது பதிவாகும். ஆர்.சி., எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் ‘வாகன்’ தளத்தில் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு சேர்த்துத் தொடங்கிய ‘யுலிப்’ தளம் இவற்றை எல்லாம் ஓரிடத்தில் இணைக்கும் நோக்கம் கொண்டது. கடன் தருவோர் தரவுகளை எளிதாகப் பெறுவதற்காக ரிசர்வ் வங்கி ‘யுஎல்ஐ’ என்ற தளத்தையும் வளர்த்துவருகிறது.

ஒரு வண்டி கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லோடு ஏற்றியது, எத்தனை நாள் சும்மா நின்றது என்று இந்தப் பதிவுகளில் இருந்து ஏறத்தாழச் சொல்லிவிட முடியும். மூன்றாண்டு வரிக் கணக்கைவிட நேர்மையான சாட்சி இது. இதற்கும் மேலாக, முன்பணக் கார்டில் அவர் வாங்கிய டீசலின் கணக்கு எண்ணெய் நிறுவனத்திடமே கிடக்கிறது. ஆறு மாதம் தவறாமல் பணம் ஏற்றி டீசல் போட்டவரைப் பற்றி அந்த நிறுவனத்துக்குத் தெரியாதது என்ன? அதே நிறுவனத்தின் பெயர் பொறித்த கடன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அவர் எப்படி முன்பின் தெரியாதவர் ஆகிறார்?

ஏக்கருக்கு ஓர் அளவு, கிலோமீட்டருக்கு ஓர் அளவு

வருமானச் சான்று இல்லாதவருக்குக் கடன் தர இந்த நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. 1998இல் ஆர்.வி.குப்தா குழுவின் பரிந்துரையில் வந்த கிசான் கடன் அட்டையைப் பாருங்கள். விவசாயியின் சம்பளச் சீட்டை அது கேட்பதில்லை. இந்த மாவட்டத்தில் இந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு குழு அளவு வைக்கிறது. எத்தனை ஏக்கர் என்று பெருக்கிக் கடன் வரம்பு முடிவாகிறது. தகுதியை நிர்ணயிப்பது தொழிலின் செலவு. 2018-19இல் இந்த ஏற்பாடு கால்நடை வளர்ப்போருக்கும் மீனவர்களுக்கும் விரிந்தது. கடல் மீன்பிடிப்புக்கான நடைமுறைச் செலவில் எரிபொருள், ஐஸ், கூலி எல்லாம் சேர்ந்தவை. நாகப்பட்டினத்துப் படகின் டீசலுக்குப் பொருந்தும் கணக்கு நாமக்கல் லாரியின் டீசலுக்குப் பொருந்தாதா?

கணக்கு ஒன்றும் கடினமல்ல. மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடுவதாக ஃபாஸ்டேக் சொல்லும் வண்டிக்கு, லிட்டருக்கு நான்கு என்ற வீதத்தில் 1,500 லிட்டர் வேண்டும். 92 ரூபாய் விலையில் 1,38,000 ரூபாய். பதினைந்து நாளில் கட்டும் கடன் என்றால் 69,000 ரூபாய் வரம்பு. நாமக்கல்லில் இருந்து டெல்லி வரை போக இது போதும். வண்டி ஓடினால் வரம்பு உயரட்டும், நின்றால் குறையட்டும். வீட்டுப் பத்திரம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

தனியார் துறையில் இதற்கு முன்மாதிரி சென்னையிலேயே உண்டு. ஆர்.தியாகராஜன் 1974இல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1979இல் லாரிகளுக்குக் கடன் தர வந்தது. வங்கிகள் கதவைச் சாத்திவைத்திருந்த காலம். சிபில் என்ற பெயரே பிறக்காத காலம். பழைய லாரி வாங்க நினைத்த ஓட்டுநர்களை, அவர்களுடைய தொழிலை வைத்து எடைபோட்டுக் கடன் கொடுத்தார்கள். வட்டி வங்கியைவிடக் கூடுதல்தான். ஆனாலும், தாள் இல்லாதவர் கடனைக் கட்டமாட்டார் என்ற நம்பிக்கை பொய் என்பதை அந்த நிறுவனத்தின் வளர்ச்சி காட்டியது. ஓட்டுநரை உரிமையாளராக்க அன்று போட்ட கணக்கு, அவரை உரிமையாளராகவே நீடிக்கவைக்க இன்று தேவைப்படுகிறது.

கடன் கொடுப்போரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. லாரிக் கடனுக்கு லாரியே ஈடு. டியூ கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கலாம். எரிந்துபோன டீசலை யாரும் ஜப்தி செய்ய முடியாது. வண்டி ஏற்கெனவே வேறு நிறுவனத்தின் பேரில் அடமானத்தில் இருக்கும். ஒரே ஆள் மூன்று இடத்தில் டீசல் கடன் வாங்கி, மூன்றையும் கட்டாமல் விட்டுவிடலாம். ஆனால், இந்த அச்சத்துக்கு மருந்து வீட்டுப் பத்திரத்தில் இல்லை, லோடில் இருக்கிறது. வாடகை எந்தக் கணக்குக்கு வருகிறதோ அந்தக் கணக்கில் இருந்து டீசல் கடன் கழியும் என்று ஏற்பாடு செய்தால், கடனுக்கான ஈடு அந்த லோடின் வாடகைதான். அங்கேதான் உண்மையான முடிச்சும் இருக்கிறது.

யாருடைய கடன் இது?

லாரி ஓடி முடித்து, சரக்கு இறங்கி, ஆலை அந்தச் சரக்கை விற்றும்கூட வாடகை வராத நிலையை என்னவென்று சொல்வது? லாரிக்காரர் ஆலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடனைக் கொடுக்க அவர் வெளியே வட்டிக்கு வாங்குகிறார். டீசல் கார்டு கேட்டு வரிசையில் நிற்பவர் உண்மையில் நூறு கோடி, ஆயிரம் கோடி வணிகம் செய்யும் நிறுவனத்துக்காக நிற்கிறார். கடனை அனுபவிப்பவருக்கு எந்தத் தகுதித் தேர்வும் இல்லை. சுமப்பவருக்குத்தான் எல்லாத் தேர்வும்.

விலை ஏற்றத்தின் சுமையும் அவருடையதே. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறலாம் என்றானது. வாடகை பேசுவது லோடு ஏறும் நாளில். அதற்குப் பிறகு டீசல் ஏறினால் சிறு உரிமையாளர் அந்த வித்தியாசத்தை யாரிடமும் கேட்க முடியாது. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் விலையும் மாறும். கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வழியும் இல்லை.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டுவட்டி. போக்குவரத்து ஒரு சேவைத் தொழில். சிறு தொழில்களுக்கான உத்யம் தளத்தில் பதிவு செய்த லாரி உரிமையாளருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து, அப்படிக் காலம் கடத்தித் தரும் தொகையை, கொடுத்த ஆண்டின் செலவாகத்தான் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டமும் கடிவாளம் போட்டது. விற்பனைப் பட்டியலைக் காட்டி உடனே பணம் பெறும் ‘டிரெட்ஸ்’ தளங்கள் 2017 முதல் இயங்குகின்றன. ஆண்டு வணிகம் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவற்றில் சேர்வது கட்டாயம் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது.

இத்தனையும் இருந்தும் ஒற்றை வண்டிக்காரருக்கு ஏன் பயன் போய்ச் சேரவில்லை? ஆலையின் கண்ணில் அவர் இல்லை என்பதே காரணம். ஆலை லோடு கொடுப்பது பெரிய போக்குவரத்து நிறுவனத்துக்கு. அது வண்டி பிடிப்பது ஏஜென்சி வழியாக. ஏஜென்சி கூப்பிடுவது புரோக்கரை. புரோக்கர் போன் போடுவது லாரிக்காரருக்கு. பில்டியில் வண்டி எண் இருக்கும். வண்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி இருக்காது. டிரெட்ஸ் தளத்தில் ஏற்ற அவரிடம் பட்டியலே இல்லை. தாமத வட்டி கேட்டு மனு போடலாம்தான். மனு போட்டவருக்கு அடுத்த லோடு யார் கொடுப்பார்? சட்டம் தரும் உரிமையைவிட, காலி வண்டியோடு நிற்கும் அச்சம் பெரியது.

கார்டு கண்ணியாகக் கூடாது

கடன் எளிதாகக் கிடைப்பது மட்டும் தீர்வாகிவிடாது. வண்டி டியூ கட்ட டீசல் கடன், டீசல் கடன் கட்ட நகைக் கடன், நகையை மீட்க வண்டியை மறு அடமானம் என்று சுழன்று, கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுநராகப் போனவர்கள் லாரி ஊர்களில் எல்லாத் தெருவிலும் உண்டு. தகுதி விதி தளர வேண்டும் என்று கேட்கும் அதே வாயால், வரம்பு லோடின் வாடகைக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். ஓடாத வண்டிக்கு டீசல் கடன் தருவது உதவி ஆகாது.

வங்கி தராத இடத்தில் செயலிகள் நுழைந்திருக்கின்றன. ஃபாஸ்டேக், ஜிபிஎஸ், லோடு, டீசல் கார்டு எல்லாவற்றையும் ஒரே திரையில் தரும் நிறுவனங்கள் லாரிக்காரரின் ஓட்டத்தைப் பார்த்துக் கடன் தர முன்வருகின்றன. வங்கி படிக்க மறுத்த தடயத்தை அவை படிக்கின்றன. அதே சமயம் வட்டியும் தாமதக் கட்டணமும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கி அல்லாத நிறுவனங்களின் முன்பணக் கார்டுகளில் கடன் தொகையை ஏற்றித் தரக் கூடாது என்று 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி தடுத்ததும், டிஜிட்டல் கடனுக்கு மொத்தச் செலவையும் ஒரே தாளில் சொல்லும் விவர அறிக்கை கட்டாயம் என்று ஆக்கியதும் இந்தக் கவலையால்தான். அந்த அறிக்கை லாரிக்காரர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

தடயத்தைப் படிப்பதிலும் கவனம் தேவை. எஃப்.சி.க்காகப் பட்டறையில் நின்ற பதினைந்து நாளையும், வேலைநிறுத்தத்தில் நின்ற வாரத்தையும், ஆலை வாசலில் இறக்க ஆள் இல்லாமல் நின்ற மூன்று நாளையும் ‘ஓடாத நாள்’ என்று இயந்திரம் ஒரே கணக்கில் தள்ளிவிடும். லாரிக்காரர் சம்மதித்த தரவை, சம்மதித்த காரியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. டீசல் கடனுக்குக் கொடுத்த வழித்தடம் வாடகையை அடித்துப் பேசும் ஆயுதமாக மாறிவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

மூன்று எண்ணெய் நிறுவனங்களும் பொதுத்துறையைச் சேர்ந்தவை. பெட்ரோலிய அமைச்சகம் நினைத்தால் புதிய சட்டம் எதுவும் இல்லாமலேயே தொடங்கலாம். முன்பணக் கார்டை ஆறு மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, அந்த வரலாற்றையே தகுதியாக ஏற்றுச் சிறிய கடன் வரம்பு தர வேண்டும். வரிக் கணக்கு கேட்கும் இடத்தில், கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லாத லாரிக்காரருக்கு ஃபாஸ்டேக், இ-வே பில் பதிவுகளை மாற்றுச் சான்றாக ஏற்க வேண்டும். நிராகரித்தால் எந்தக் காரணத்துக்காக என்று தமிழில் எழுதித் தர வேண்டும். எதைச் சரிசெய்தால் மறுபடி வரலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நிதி அமைச்சகத்துக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில், உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள கடன் அட்டை அறிவிக்கப்பட்டது. முதலாண்டில் 10 லட்சம் அட்டைகள் என்பது இலக்கு. அதில் ஒரு பகுதியை லாரித் தொழிலுக்கு என்று ஒதுக்கி, கிலோமீட்டர் அளவு வைத்து, மூன்று நிறுவனங்களின் பங்க்குகளிலும் செல்லும்படி செய்தால், ஒரே நிறுவனத்தின் பங்க்கைத் தேடி வண்டி ஓட்டும் நிலையும் மாறும். சிறு தொழில் கடன்களுக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை 2000 முதல் இருக்கிறது. டீசல் கடனில் ஒரு பங்குக்கு அது பொறுப்பேற்றால் வங்கிகளின் அச்சம் குறையும்.

லாரி உரிமையாளர் சங்கங்கள் சுங்கக் கட்டணம், டீசல் விலை, மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றுக்காகப் பலமுறை வண்டிகளை நிறுத்திப் போராடியவை. வாடகை பாக்கிக்காக அப்படி ஒரு பெரிய போராட்டம் நினைவில் இல்லை. பாக்கி வைத்திருப்பவரும் சங்கத்தின் பெரிய உறுப்பினராக இருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். உறுப்பினர்களை உத்யமில் பதிய வைப்பதும், லோடு ஏறும்போதே வாடகை, அட்வான்ஸ், பாக்கி, தர வேண்டிய தேதி நான்கையும் எழுதிய ஒரு தாளை வண்டிக்காரர் பேரில் வாங்கித் தருவதும் சங்கங்களால் முடியும். அந்தத் தாள் இருந்தால் டிரெட்ஸ் தளத்தின் கதவும் திறக்கும், வங்கியின் கதவும் திறக்கும். ஏஜென்சி தன் பெயரில் ஆலையிடம் வாங்கும் பணத்தில் வண்டிக்காரரின் பங்கைத் தனியே காட்டும் நடைமுறைக்கு அதுவே முதல் படி.

டீசல் கார்டு விண்ணப்பத்தில் சொந்த வீடு உண்டா, எத்தனை வண்டி, எவ்வளவு வருமானம் என்றெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. இன்னொரு கட்டம் சேர வேண்டும்: ‘உங்களுக்கு வாடகை பாக்கி வைத்திருப்பவர் யார், எவ்வளவு, எத்தனை நாளாக?’ கடன் கொடுப்பவர் முதலில் படிக்க வேண்டிய பதில் அதுதான். சிபில் கேட்டுப் போக வேண்டிய முகவரியும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.